ஃபற் பைக்கில் மீற்றர் பூட்டிய அனுபவம்

என் ஃபற் பைக்கில், அதாவது நாலு அங்குல அகல ரயர் உள்ள சைக்கிளில், ஓடிய தூரமும் வேகமும் காட்டும் மீற்றரைப் பூட்டத் தொடங்கி, மூன்று கிழமையாக இழுபட்ட வேலை போன ஞாயிறுதான் முடிந்தது. பருத்தித்துறை வீதியில் கிலோமீற்றர் கற்களைப் பார்த்துக்கொண்டே பத்துக் கிலோமீற்றர் ஓடினேன். மீற்றர் 10.01 காட்டியது. வீதியோரமாக நிறுத்தி, அந்த எண்ணை இன்னொரு தரம் பார்த்தேன். அவ்வளவு சந்தோசம்.

மணலில் ஓடுபவர்களுக்கு மீற்றர் கட்டாயம் வேண்டும் என்பது என் எண்ணம். மணற்காடு என்ற கடலோர ஊரின் மணலில் ஒரு மணித்தியாலம் மிதித்தால் பத்துக் கிலோமீற்றர் போனது போலக் களைக்கும். உண்மையில் எவ்வளவு வந்தோம் என்று தெரிந்தால்தான், திரும்பிப் போக மிச்சத் தண்ணீர் காணுமா என்று கணக்குப் பார்க்கலாம்.

சில்லுக் கம்பியில் பூட்டும் காந்தம், முன் சில்லைத் தாங்கும் போர்க்கில் கட்டிய சென்சரைக் கடக்கும் ஒவ்வொரு தரமும் ஒரு சுற்று என்று மீற்றர் எண்ணும். அதைச் சில்லுச் சுற்றளவால் பெருக்கித் தூரம் காட்டும். முதலில் பழைய சைக்கிளில் இருந்த வயர் இல்லாத மீற்றரையே மாற்றிப் பூட்டினேன். பூச்சியத்தை விட்டு அசையவில்லை. அந்த வகைச் சாதாரண மீற்றர்களில் சென்சருக்கும் திரைக்கும் இடையில் 70 சென்ரிமீற்றர் வரைதான் சிக்னல் எட்டும். என் சைக்கிளில் அளந்தால் 74. ஜிபிஎஸ் மீற்றரும் யோசித்தேன். விலை ஒரு பக்கம் இருக்க, மணலில் நடைவேகத்தில் போகும்போது அது காட்டும் வேகம் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். சில்லின் அச்சில் இறப்பர் பட்டியால் கட்டும் காந்தம் இல்லாத சென்சர்தான் ஃபற் பைக்குக்கு மிகப் பொருத்தம். யாராவது கொண்டுவந்து தந்தால் யோசிக்காமல் வாங்குங்கள். எனக்கு இங்கே கடைகளில் கிடைக்கவில்லை. கடைசியில் வயர் உள்ள மீற்றரையே வாங்கினேன்.

வாங்கும்போதே கடைக்கார ஐயா சொன்னார்: "தம்பி, உதின்ரை போர்க் அகலம் கூட. காந்தத்தைப் பிடிக்காது, பாத்துக்கொள்ளும்."

அவர் சொன்னது சரி. காந்தத்துக்கும் சென்சருக்கும் இடையில் 5 மில்லிமீற்றருக்கு மேல் இருக்கக்கூடாது. நாலு அங்குல ரயர் உள்ளுக்குச் சுழல வேண்டும் என்பதால் போர்க்கின் கால்கள் கம்பிகளை விட்டு வெகுதூரம் விலகி நிற்கின்றன. றிம் பக்கமாக அளந்தால் 45 மில்லிமீற்றர், அச்சுப் பக்கமாக 28. அதனால் காந்தத்தை அச்சுக்குக் கிட்டக் கீழே இறக்கினேன். கம்பியில் எந்த இடத்தில் பூட்டினாலும் ஒரு சுற்றுக்கு ஒருதரம்தான் அது சென்சரைக் கடக்கும், கணக்கு மாறாது. காந்தமும் சென்சரும் பிடிக்கும் இடம் போக மிச்சம் 16 மில்லிமீற்றர் வெளி.

பழைய இறப்பர்ச் செருப்பின் அடியை வெட்டி, 12 மில்லிமீற்றர்த் துண்டாக்கிச் சென்சருக்குக் கீழே வைத்துக் கட்டினேன். வீட்டு முற்றத்தில் வடிவாக வேலை செய்தது. பண்ணைப் பாலத்தில் காற்றோடு மல்லுக்கட்டிப் போகும்போது டக் டக் என்று சத்தம். இறங்கிப் பார்த்தால், உருண்டையான போர்க் காலில் மெத்தென்ற இறப்பர் நழுவி, சென்சர் கம்பிப் பக்கம் திரும்பிவிட்டது. நல்ல காலம், உடையவில்லை. அப்புறம் பிவிசி குழாயில் ஒரு துண்டை நெடுக்காகப் பிளந்து போர்க் காலை அணைத்தபடி வைத்து, அதன்மேல் செருப்புத் துண்டை ஒட்டி, கேபிள் ரை இரண்டைக் குறுக்கு மறுக்காக இறுக்கினேன். அதற்குப் பிறகு அசையவில்லை. வயரை முன் பிரேக் குழாயோடு சுற்றி மேலே எடுத்தேன். ஹாண்டில் முழுதாகத் திரும்பத் தக்கதாக மேலே கொஞ்சம் தளர்வு விட்டிருக்கிறேன். ரயரில் உரசாமல் பார்க்க வேண்டும்.

ஆனால் முதல் ஓட்டத்தில் பத்துக் கிலோமீற்றருக்கு 9.48தான் காட்டியது. காரணம், மீற்றரோடு வந்த புத்தகத்தில் இருக்கும் சில்லுச் சுற்றளவு அட்டவணையைப் பார்த்து அளவு வைத்ததுதான். அதில் 26 அங்குலத்தில் ஆகப் பெரியது 3.00 ரயர், 2170 மில்லிமீற்றர். என் ரயர் 4.0. அட்டவணையை விட்டுவிட்டு நேரே அளப்பதுதான் வழி.

வால்வு நேரே கீழே வரும்படி நிறுத்தி, சீமெந்து நிலத்தில் சோக்கால் கோடு போட்டேன். "மச்சான், நீ ஏறி இரு, நான் பிடிச்சு உருட்டுறன்" என்றான் நண்பன். ஆள் ஏறி இருக்கவேண்டும் என்பது முக்கியம், பாரத்தில் ரயர் அமுங்கினால் சுற்றளவு குறையும். ஐந்து சுற்றுக்கு 11.45 மீற்றர், அதாவது சுற்றுக்கு 2290. இது வீதிக்கு நான் வைக்கும் 12 பிஎஸ்ஐ காற்றில். மணலுக்கு 6 பிஎஸ்ஐக்கு இறக்கி உருட்டினால் ஐந்து சுற்றுக்கு 11.25 மட்டும், சுற்றுக்கு 2250. இந்த மீற்றரில் ஏ, பி என்று இரண்டு சில்லளவு வைக்கலாம். ஏ வீதிக்கு, பி மணலுக்கு. சென்சரை முன் சில்லில் வைத்ததும் நல்லதுக்குத்தான். மணலில் மிதிக்கும்போது பின் சில்லு சும்மா சுழலும், முன் சில்லு நிலத்தோடுதான் உருளும்.

காரைநகர் கசூரினாக் கடற்கரைக்குப் போய்வந்த மறுநாள் திரை வேகம் காட்டவில்லை. பற்றரி என்று நினைத்துப் புது 2032 வாங்கிப் போட்டும் பயனில்லை. பூட்டும் தட்டில் இருக்கும் இரண்டு சின்ன உலோகப் பொட்டுகளிலும் உப்பு பிடித்திருந்தது. நல்ல தண்ணீர் தொட்டுத் துடைத்துக் காயவிட்டதும் சரி. இப்போது கடற்கரைக்குப் போய்வந்தால் அன்றிரவே துடைத்துவிடுகிறேன்.

வாற ஞாயிறு காற்றை இறக்கி, பி அளவில் மணற்காட்டுக்குள் ஓடப்போகிறேன். வீதி முடியும் இடத்தில் இருந்து மணல் மூடிய பழைய அந்தோனியார் கோயில் வரை எத்தனை கிலோமீற்றர் என்று பார்க்கவேண்டும்.