பனிக்கு முன்னால் புல்லை ஒட்ட வெட்டாதீர்கள்

ஜனவரியில் ஊட்டி, தலைக்குந்தா, காந்தல் பக்கம் எந்த வீட்டுப் புல்தரையைப் பார்த்தாலும் வைக்கோல் நிறத்தில்தான் கிடக்கும். பார்த்ததும் கை யூரியாவைத் தேடும். வேண்டாம். புல் செத்துவிட்டதா, சும்மா அடங்கிக் கிடக்கிறதா என்று முதலில் பாருங்கள். தரையோடு படர்ந்த தண்டு ஒன்றைப் பிடுங்கி, கணுவுக்குப் பக்கத்தில் நகத்தால் கீறினால் போதும். உள்ளே வெள்ளையாகவோ இளம்பச்சையாகவோ ஈரம் தெரிந்தால் உயிர் இருக்கிறது, வெயில் ஏறியதும் தானே துளிர்க்கும். கணு பழுப்பேறி விரலில் நொறுங்கினால் அந்த இடத்தில் மட்டும் புதுக்கொடி நட வேண்டியதுதான்.

நீலகிரியில் புல்தரை என்றால் பெரும்பாலும் கிக்கியூ புல். கிழக்கு ஆப்பிரிக்க மேட்டுநிலத்திலிருந்து வந்தது. கென்யாவின் கிக்கியூ மக்களின் பெயரே புல்லுக்கும். குளிர் இதற்குப் பெரிய விஷயமில்லை, உறைபனிதான் ஆகாது. இலை கருகிவிடும், மண்ணுக்குள் இருக்கும் தண்டு தப்பிக்கும். அந்தத் தண்டுக்கு மேலே இருக்கும் ஒரே போர்வை புல்லின் இலைதான். நவம்பரில் ‘நீட்டாக இருக்கட்டும்’ என்று ஒட்ட மழித்துவிட்டால் போர்வையை நாமே உருவிவிட்டோம் என்று அர்த்தம். வருஷத்தில் செய்கிற தவறுகளில் இதுதான் பெரிய தவறு, மற்றதெல்லாம் திருத்திக்கொள்ளலாம்.

உறைபனி இறங்குவதற்கு முந்தைய கடைசி வெட்டில் 5 முதல் 6 சென்டிமீட்டர் நிற்க வேண்டும். ஆள்காட்டி விரலை நுனியிலிருந்து தரையில் ஊன்றினால் இரண்டு கணு மறையும் உயரம். யூரியாவை அக்டோபர் பாதியோடு நிறுத்திவிடுங்கள். அதற்குப் பிறகு போட்டால் வருவது தண்ணீர் கோத்த இளந்துளிர், முதல் பனியிலேயே அது கருகும். செப்டம்பர் கடைசியில் சென்ட்டுக்கு 200 கிராம் பொட்டாஷ் மட்டும் தூவி நனைத்துவிட்டால் போதும்.

மேகமில்லாமல், காற்றில்லாமல் விடிகிற இரவுகளில்தான் உறைபனி பிடிக்கும். குளிர்ந்த காற்று தண்ணீர் மாதிரி சரிவில் இறங்கித் தாழ்வான இடத்தில் தேங்குவதால், ஒரே தோட்டத்தில் மேல்தட்டு பச்சையாகவும் கீழ்த்தட்டு கருகியும் இருக்கும். பகலில் மூன்று மணிக்குள் தண்ணீர் விடுங்கள். ஈர மண் பகல் வெப்பத்தைக் கூடுதலாகப் பிடித்து வைத்து இரவில் விடும். காலையில் வெள்ளை உருகும்வரை யாரும் புல்லில் கால் வைக்கக் கூடாது. உறைந்த இலை மிதிபட்டால் உள்ளே கிழிந்துவிடும். அப்போது ஒன்றும் தெரியாது, இரண்டு நாளில் பால்காரர் நடந்த தடம் அடி அடியாகப் பழுப்பாகத் தெரியும். புதிதாக நட்ட பாத்திக்கு, தாவரவியல் பூங்காவில் மலர் நாற்றுகளை மூடுவது போல மிலார் செடியின் தழையைப் போட்டு மூடலாம். வெயில் வந்ததும் எடுத்துவிட வேண்டும்.

குன்னூர், கோத்தகிரி பக்கம் கதை வேறு. பனி குறைவு, வடகிழக்குப் பருவமழை கனமாக இறங்கும். அங்கே நவம்பரில் கவலை பாசிதான். சைப்ரஸ் நிழலிலும் தண்ணீர் தேங்கும் மூலையிலும் புல் மெலிந்த இடத்தைப் பாசி பிடித்துக்கொள்ளும். 10 லிட்டர் பூவாளியில் 100 கிராம் அன்னபேதி (ஃபெரஸ் சல்ஃபேட்) கரைத்து 10 சதுர மீட்டருக்கு ஊற்றினால் சில நாளில் கறுத்துவிடும், பிறகு வாரி எடுக்கலாம். சிமென்ட் தரையில் பட்டால் துருக்கறை, போகவே போகாது. நிழலையும் தேங்கும் நீரையும் சரிசெய்யாவிட்டால் அடுத்த மழைக்கே பாசி திரும்பிவரும் என்பதால், அன்னபேதிக்கு முன்னால் கிளையைக் கழித்து வடிகால் வெட்டுவது மேல்.

நம் மண் புளிப்பு மண். மண் பரிசோதனையில் கார அமில நிலை 5.5-க்குக் கீழே வந்தால் சென்ட்டுக்கு 4 கிலோ டாலமைட் சுண்ணாம்புத்தூள் போடலாம். எதற்கும் இருக்கட்டும் என்று கண்ணை மூடிக்கொண்டு வருஷாவருஷம் கொட்ட வேண்டாம். டாலமைட்டுக்கும் யூரியாவுக்கும் மூன்று வார இடைவெளி விடுங்கள். சேர்த்துப் போட்டால் தழைச்சத்து அம்மோனியாவாகக் காற்றில் போய்விடும்.

பெரிய வேலை ஏப்ரலில், கோடை மழை இரண்டு பெய்து புல் கிளம்பிய பிறகு. கிக்கியூ தண்டின் மேல் தண்டாக ஏறி மெத்தை கட்டும் புல். நடக்கும்போது கால் அமுங்கினால், மோவர் ஓடிய இடத்தில் பழுப்புத் தண்டு பல்லிளித்தால், மெத்தை கூடிவிட்டது. ஒட்ட வெட்டுவதற்கு வருஷத்தில் சரியான ஒரே சமயம் இதுதான். இரண்டு சென்டிமீட்டருக்கு வெட்டி, இரும்பு வாரியால் குறுக்கும் நெடுக்கும் இழுத்துக் காய்ந்த சருகை எடுங்கள். முள் ஃபோர்க்கை ஒரு சாண் இடைவெளியில், 8 முதல் 10 சென்டிமீட்டர் ஆழத்துக்குக் குத்தி லேசாக ஆட்டி எடுங்கள். சலித்த மண், மணல், மக்கிய சாணம் சம அளவில் கலந்து அரை சென்டிமீட்டர் தூவ வேண்டும். சென்ட்டுக்கு 200 லிட்டர், அதாவது ஆறு சிமென்ட் சாக்கு. எம்-சாண்ட் என்றால் கழுவிப் போடுங்கள், அதிலிருக்கும் மாவுத்தூள் குத்திய துளைகளை அடைத்துவிடும். தூவிய பின்னும் இலைநுனி வெளியே தெரிய வேண்டும். இரண்டு வாரம் கழித்து, ஈரமான தரையில் சென்ட்டுக்கு 400 கிராம் யூரியா தூவி உடனே தண்ணீர் விடுங்கள். தண்ணீர் விடாமல் தூவிவிட்டுப் போனால் இலை புள்ளி புள்ளியாகக் கருகும்.

ஜூன் முதல் மழைக்காலம். உயரத்தை நான்கு, ஐந்து சென்டிமீட்டருக்கு ஏற்றி, பத்து நாளைக்கு ஒருமுறை, ஒரு தடவைக்கு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போகாமல் வெட்டுங்கள். பிளேடு மழுங்கியிருந்தால் இலை அறுபடாமல் கிழிபடும். மறுநாள் புல்தரை முழுக்க வெள்ளைப் பூச்சு பூசியது போலத் தெரியும், நோய் என்று மருந்து தேடிப் போவார்கள். மழைக்காலத்தில் வெட்டிய புல்லை விடாமல் வாரி எடுங்கள், வெயில் காலத்தில் அப்படியே விடலாம்.

இந்த மாதங்களில்தான் வெள்ளைப் புழுவும் வேரைத் தின்னும். கோடை மழையோடு விளக்கைச் சுற்றும் வண்டுகளின் குஞ்சுகள்தான் அவை. மஞ்சளான இடத்தில் ஒரு அடிக்கு ஒரு அடி சதுரமாக வெட்டிப் புரட்டுங்கள். வேரில்லாமல் பாய் போலச் சுருண்டு வந்து, அடியில் ஆறேழு புழுவுக்கு மேல் இருந்தால் புழுவைக் கொல்லும் மெட்டாரைசியம் பூஞ்சையை மக்கிய சாணத்தோடு கலந்து ஈர மண்ணில் இடலாம். வேலை மெதுவாகத்தான் நடக்கும். புழு இருக்கும் இடத்தைக் காட்டுப்பன்றி நமக்கு முன்னால் கண்டுபிடித்து உழுதுவிடும்.

காட்டெருமை வந்துபோனால் குளம்புக் குழி. ரோலர் உருட்டிச் சமமாக்கப் பார்க்காதீர்கள், மண் இன்னும் இறுகும். குழியின் ஓரத்தில் ஃபோர்க்கைச் சாய்த்துச் செருகி, அடியிலிருந்து நெம்பித் தூக்கி, குறைகிற இடத்தில் மண் கலவை இட்டுக் காலால் அமுக்கினால் மூன்று வாரத்தில் மூடிவிடும்.

பிப்ரவரி, மார்ச் வறட்சியில் வாரம் ஒருமுறை 2 சென்டிமீட்டர் தண்ணீர் நல்லது. தெளிப்பானுக்கு அடியில் தட்டை டப்பா வைத்து அளந்துகொள்ளுங்கள். சென்ட்டுக்கு 800 லிட்டர் ஆகும். குடிக்கவே தண்ணீர் இல்லாத வீட்டில் விட்டுவிடுங்கள், ஏப்ரல் மழைக்குத் தானே வரும்.

வாரிய தண்டை வேலிக்கு வெளியே, சோலைக்காட்டு ஓரத்திலோ புல்மலையிலோ கொட்டாதீர்கள். ஒரு கணு ஈர மண்ணில் பட்டாலும் வேர்விட்டு, அங்கே இருக்கும் நாட்டுப் புல்லை மூடிவிடும். சிமென்ட் தரையிலோ தார்ப்பாயிலோ பரப்பி, கணு நொறுங்குகிற வரை காயவைத்த பிறகே உரக்குழியில் போடுங்கள்.