குதிரை ட்ரெய்லரும் கழற்றி மாட்டும் டோ பாரும்: இதுவரை சோதித்துப் பார்த்தவை

குதிரை ட்ரெய்லர் இழுக்கக் கழற்றி மாட்டும் டோ பார் (ட்ரெய்லரை மாட்டக் காரின் பின்னால் பொருத்தும் இரும்பு) போதுமா, நிரந்தரமாக போல்ட் போட்டதுதான் வேண்டுமா என்று கேட்டால், குதிரை வைத்திருப்பவர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து நிற்பார்கள். நான் கழற்றி மாட்டும் வகையைப் பொருத்திக்கொண்டேன். ட்ரெய்லர் இல்லாமல் கார் ஓடும் நாட்களே அதிகம். பின்னால் இரும்பு நீட்டிக்கொண்டே இருந்தால் யாருடைய முழங்காலையாவது பதம் பார்க்கும். பொருத்தியதிலிருந்து என்னென்ன சோதித்தேன், எது நிம்மதி தந்தது, எது இன்னும் உறுத்துகிறது என்று எழுதி வைக்கிறேன்.

முதல் வேலை தகட்டைப் படிப்பது. பாரில் இருக்கும் சின்னத் தகட்டில் டி, எஸ் என்று இரண்டு எண்கள் இருக்கும். டி என்பது இழுவைக்கான வரம்பு, கிலோநியூட்டனில். எஸ் என்பது பாரின் நுனியிலுள்ள உருண்டையின் மேல் இறங்கக்கூடிய எடை, கிலோவில். ஐ.நா.வின் 55ஆம் வாகன விதிமுறைப்படி ஒப்புதல் பெற்ற பார் என்றால், போல்ட் போட்டதானாலும் கழற்றுவதானாலும் தாங்குதிறன் சோதனை ஒன்றுதான். எஃகுப் பாகத்தை 20 லட்சம் முறை மாற்றி மாற்றி விசை கொடுத்துப் பார்ப்பார்கள். அதனால் ‘கழற்றுகிற வகைக்குப் பலம் குறைவு’ என்ற பேச்சை நான் ஏற்கவில்லை. கூடுதலாக இருப்பது ஒரு பூட்டு. அந்தப் பூட்டை ஒவ்வொரு முறையும் ஓர் ஆள் போட வேண்டியிருக்கிறது. கவலைப்பட வேண்டிய இடம் அது.

டி கணக்கு கஷ்டமில்லை. காரின் அனுமதிக்கப்பட்ட மொத்த எடையையும் ட்ரெய்லரின் மொத்த எடையையும் டன்னில் எடுத்துப் பெருக்கி, அந்த இரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்து, 9.81ஆல் பெருக்க வேண்டும். என் கார் 2.4 டன், ட்ரெய்லர் 2 டன். 4.8ஐ 4.4ஆல் வகுத்து 9.81ஆல் பெருக்கினால் 10.7. தகட்டில் 11.3 இருக்கிறது, சரி. இதே காரில் 2.5 டன் ட்ரெய்லரை மாட்டினால் கணக்கு 12ஐத் தொட்டுவிடும். அதை இந்தப் பாரில் மாட்டும் பேச்சே இல்லை. ஒரே குதிரைதான் ஏற்றப் போகிறோம் என்று ட்ரெய்லர் எடையைக் குறைத்துப் போட்டும் கணக்குப் பார்க்கலாம். நான் அப்படிச் செய்யவில்லை. இன்று ஒன்று ஏறும், நாளை இரண்டு ஏறும்.

எஸ் மதிப்பில் பாரின் எண்ணை மட்டும் பார்த்தால் போதாது. கார் கையேட்டில் ஒன்று, பாரில் ஒன்று, ட்ரெய்லர் கப்ளிங்கில் (உருண்டையைக் கவ்வும் பாகம்) ஒன்று என மூன்று எண்கள் இருக்கும். எது குறைவோ அதுதான் வரம்பு. எனக்குக் கார்தான் குறைவு.

காலி ட்ரெய்லரை அளப்பது சுலபம்: சமதரையில் நிறுத்தி, உருண்டையின் உயரத்துக்குக் கட்டை கொடுத்து, கப்ளிங்குக்குக் கீழே ஓர் எடைமேடையை வைத்தால் முடிந்தது. குதிரை உள்ளே நிற்கும்போது என்ன ஆகிறது என்பதுதான் கேள்வி. அதற்காகக் குதிரையோடு ட்ரெய்லரைக் கழற்றி நிறுத்துவது ஆபத்து, அதைச் செய்யக் கூடாது. லாரி எடைமேடையில் ஒரு வழி இருக்கிறது. முதலில் காரை மட்டும் நிறுத்தி எடை பார்க்க வேண்டும். அப்புறம் ட்ரெய்லரை மாட்டி, குதிரையை ஏற்றி, காரின் நான்கு சக்கரங்கள் மட்டும் மேடையில் நிற்க, ட்ரெய்லரின் சக்கரங்கள் வெளியே இருக்கும்படி நிறுத்த வேண்டும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் உருண்டையின் மேல் இறங்கும் எடை. பின் அச்சை மட்டும் அளந்தால் தப்பான எண் வரும்; நெம்புகோல் போல வேலை செய்து முன் அச்சைத் தூக்கிவிடும் என்பதால் பின் அச்சில் உண்மையைவிட அதிகமாகத் தெரியும். லாரி மேடை 10 அல்லது 20 கிலோ படியாகத்தான் காட்டும். துல்லியம் அவ்வளவுதான், ஆனாலும் வரம்பைத் தாண்டுகிறதா என்று தெரிந்துகொள்ளப் போதும்.

பார்த்ததில் ஒரு விஷயம் பிடிபட்டது. நிற்கும் குதிரையின் எடையில் சுமார் 60 சதவீதம் முன்னங்கால்களில் இருக்கிறது. மார்புக் கம்பியைக் கொஞ்சம் பின்னுக்கு நகர்த்தி மாட்டினாலே உருண்டையின் எடை கண்ணுக்குத் தெரியும்படி குறைகிறது. செங்கல் ஏற்றினால் ஏற்றிய இடத்தில் இருக்கும். குதிரை அப்படியா? பிரேக் போட்டால் முன்னே சாயும், கிளம்பினால் பின்னே சாயும், நின்றால் தரையை உதைக்கும். இந்த ஆட்டமெல்லாம் கடைசியில் வந்து சேருவது பார் செருகும் குழிக்குள் இருக்கும் சின்ன எஃகுக் குண்டுகளிடம்.

அந்தப் பூட்டைப் பற்றி. என்னுடையது கீழிருந்து மேலாகச் செருகும் வகை. உள்ளே தள்ளியதும் ஸ்பிரிங் விட்டு, குண்டுகள் வெளியே பிதுங்கிக் குழியின் சுவரில் உட்கார்ந்துகொள்ளும். பக்கத்திலுள்ள திருகு சக்கரம் தானாகவே சுழன்று நிற்கும். சிவப்பு தெரிந்தால் பூட்டவில்லை, பச்சைக்கு நேராகப் பச்சை வந்தால் பூட்டியாயிற்று. சக்கரத்துக்கும் பாருக்கும் இடையே இடைவெளி இருக்கக் கூடாது. சாவி பூட்டிய நிலையில் மட்டும்தான் வெளியே வரும். எல்லா நிறுவனங்களும் இதே குறிகளை வைப்பதில்லை, அதனால் அவரவர் கையேடுதான் சட்டம்.

நிறத்தை மட்டும் நம்பாமல், செருகியதும் பாரை இரண்டு கையாலும் பிடித்துக் கீழே இழுத்து, பக்கவாட்டில் ஆட்டுகிறேன். துளி ஆட்டம் இருந்தாலும் கழற்றிக் குழியைத் துடைத்து மறுபடி செருக வேண்டும். பெரும்பாலும் காய்ந்த மண்தான் காரணம். சாவியை எடுத்த பிறகுதான் ட்ரெய்லரைக் கிட்டே கொண்டுவருகிறேன். மாட்டி முடித்ததும் ஜாக்கி வீலை (ட்ரெய்லரின் மூக்கைத் தாங்கும் சின்னச் சக்கரம்) சுற்றி இறக்கிப் பார்ப்பதும் உண்டு. ட்ரெய்லரின் மூக்கோடு சேர்ந்து காரின் பின்பக்கமும் இரண்டு விரல்கடை மேலே வந்தால், கப்ளிங் உருண்டையைக் கவ்வியிருக்கிறது என்று பொருள். ஆனால் இது கப்ளிங்கின் சோதனை. பார் குழியில் பூட்டியிருக்கிறதா என்பதற்கு இதைச் சாட்சியாகக் கொள்ள முடியாது, மேலே தூக்கும்போது என் பார் குழிக்குள் இன்னும் இறுகத்தான் செய்யும். இரண்டையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும்.

இனி பிரேக்அவே கேபிள். இதைப் பற்றித்தான் எனக்கு அதிகம் சொல்ல இருக்கிறது.

ட்ரெய்லர் காரிலிருந்து பிரிந்தால், இந்த மெல்லிய எஃகுக் கேபிள் ட்ரெய்லரின் ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டு அறுந்துபோக வேண்டும். பெரும்பாலானவர்கள் அதை உருண்டைக்குக் கீழே உள்ள கழுத்தில் ஒரு சுற்றுச் சுற்றி விடுகிறார்கள். போல்ட் போட்ட பாரில் அது ஏதோ வேலை செய்யும். அங்கே பயப்பட வேண்டியது ஒன்றுக்குத்தான்: கப்ளிங் உருண்டையிலிருந்து எகிறுவது. கழுத்து காரோடு இருக்கும், கேபிள் இழுபடும். கழற்றும் பாரில் பிரிவதற்கு இன்னொரு வழியும் இருக்கிறது. பூட்டு சரியாக விழாமல், கழுத்தே குழியிலிருந்து கழன்று, உருண்டையைக் கவ்விய கப்ளிங்கோடு போய்விடலாம். கேபிள் கழுத்தில் சுற்றியிருந்தால் அதுவும் கூடவே போகும். எதுவும் இழுபடாது. உள்ளே குதிரையோடு, பிரேக் பிடிக்காத இரண்டு டன் தன் இஷ்டத்துக்கு ஓடும். எந்தப் பூட்டு ஏமாற்றினால் காப்பாற்ற வேண்டும் என்று கேபிளை வைத்திருக்கிறோமோ, அதே பூட்டை நம்பி அதைக் கட்டுவதில் என்ன அர்த்தம்?

ஆகவே கேபிள் போக வேண்டிய இடம், காரின் சேஸிஸோடு போல்ட் போட்ட குறுக்குச் சட்டம். பல பார்களில் செருகும் குழிக்குப் பக்கத்திலேயே இதற்கென்று ஒரு வளையம் இருக்கும். பம்பருக்கு அடியில் மறைந்திருப்பதால் குனிந்து பார்த்தால்தான் தெரியும். நெதர்லாந்திலும் சுவிட்சர்லாந்திலும் கழுத்தில் சுற்றுவதை ஏற்பதில்லை, வாகனத்தின் பாகத்திலேயே மாட்ட வேண்டும். மின் சாக்கெட்டைப் பிடித்திருக்கும் மெல்லிய தகட்டில் ஓர் ஓட்டை இருக்கிறதே என்று அதில் மாட்டக் கூடாது. தகடு கிழிந்து வந்துவிடும். கேபிள் நுனியில் மெல்லிய ஸ்பிரிங் கிளிப் இருந்தால், வளையத்துக்குள் விட்டுத் திருப்பிக் கேபிளிலேயே மாட்ட வேண்டும். நேராக வளையத்தில் மாட்டுவதானால் அதற்கென்றே செய்த காரபினர் கொக்கி தேவை. நான் அதைத்தான் வாங்கிப் போட்டேன், மழையில் நனைந்த கையோடு மாட்ட இது எளிது.

நீளமும் பார்க்க வேண்டியிருந்தது. குழியின் பக்கமுள்ள வளையம் உருண்டையைவிட உள்ளே தள்ளி இருப்பதால், கழுத்தில் சுற்றும் கணக்கில் வந்த கேபிள் அங்கே எட்டினாலும் விறைத்து நின்றது. வெறும் ட்ரெய்லரை மாட்டி, ஆளில்லாத இடத்தில் ஸ்டீயரிங்கை முழுக்க வளைத்து இரு பக்கமும் மெதுவாகச் சுற்றினேன். நண்பர் பக்கத்தில் நடந்துகொண்டே கேபிளைக் கவனித்தார். திருப்பத்தில் ஹேண்ட் பிரேக் லீவர் அசையத் தொடங்கியதும் குரல் கொடுத்தார். நீளமான கேபிள் மாற்றிய பிறகு மறுபடி அதே சுற்று: வளைவில் இழுபடவில்லை, நேரே போகையில் தரையில் உரசவும் இல்லை. ஜாக்கி வீலில் சிக்காமல், இழுவைச் சட்டத்துக்கு அடியிலுள்ள வழிகாட்டி வளையத்துக்குள் விட்டிருக்கிறேன். சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்துவிட்டுக் கேபிளைக் கையால் முன்னோக்கி இழுத்தால் லீவர் எழும்ப வேண்டும், எழும்புகிறது.

சதுரக் குழாய்க்குள் செருகி, குறுக்கே ஓர் ஊசி போட்டு நிறுத்தும் ரிசீவர் வகைக்கும் நியாயம் இதுதான். பாதுகாப்புச் சங்கிலிகளுக்கான ஓட்டைகள் ரிசீவரில் இருக்கும், செருகும் துண்டில் இருக்காது. காரணம் வேறு சொல்ல வேண்டியதில்லை.

குதிரை ஏற்றும் நேரத்தில் இன்னொன்றைக் கவனித்தேன். பின்பக்கச் சாய்தளத்தில் குதிரை முன்னங்கால் வைத்ததும் ட்ரெய்லரின் மூக்கு எழும்பி, காரின் பின்பகுதியையும் கொஞ்சம் தூக்குகிறது. குதிரை உள்ளே போய் நின்றதும் எடை திரும்பக் கீழே இறங்குகிறது. அதாவது புறப்படும் முன்பே பூட்டு மேலும் கீழுமாக ஒரு சுற்று வேலை பார்த்துவிடுகிறது. மாட்டாத ட்ரெய்லரில் குதிரையை ஏற்றக் கூடாது என்பதற்கும், இறக்காமல் கழற்றக் கூடாது என்பதற்கும் இதைவிட நல்ல விளக்கம் தேவையில்லை. இரண்டு குதிரைகளுக்கான ட்ரெய்லரில் ஒற்றைக் குதிரை போனால், சாலையின் நடுப்பக்கமாக இருக்கும் அறையில்தான் நிறுத்துகிறோம். ஓரச் சரிவுக்கு அது ஈடு கொடுக்கிறது. கிளம்பிக் கொஞ்ச தூரம் போனதும் ஒதுக்கி நிறுத்தி, நிறக் குறியையும் கேபிளையும் ஒருமுறை பார்ப்பேன்.

பராமரிப்பு சின்னதுதான், ஆனால் விட்டால் கெடும். பாரைக் கழற்றியதும் குழிக்கு மூடி போட வேண்டும். உயர் அழுத்தத் தண்ணீரால் காரைக் கழுவும்போது பார் குழியில் இருக்கக் கூடாது. மூடிதான் இருக்க வேண்டும். பூட்டின் சாவித் துவாரத்துக்கு கிராஃபைட் தூள், மற்ற அசையும் இடங்களுக்குக் கையேடு சொல்லும் கிரீஸ். உருண்டைக்குக் கிரீஸ் போடுவது கப்ளிங்கைப் பொறுத்தது: ஆட்டத்தைத் தடுக்கும் உராய்வுப் பட்டைகள் உள்ள கப்ளிங் என்றால் உருண்டை காய்ந்து சுத்தமாக இருக்க வேண்டும். 50 மில்லிமீட்டர் உருண்டை தேய்ந்து 49க்கு வந்தால் மாற்றியாக வேண்டும். வெர்னியர் காலிப்பரால் ஒரே திசையில் அளந்தால் போதாது, முன்பின்னாகத்தான் அதிகம் தேயும். கழற்றிய பாரை டிக்கியில் சும்மா போட்டுவிடாமல் கட்டி வைக்கிறேன். சாவியின் எண்ணை வேறிடத்தில் குறித்து வைத்திருக்கிறேன்.

பொருத்தியபோது முடுக்கிய போல்ட்களை 1000 கிலோமீட்டர் ஓடியபின் டார்க் ரெஞ்சால் மறுபடி பார்க்கச் சொல்லியிருக்கிறது கையேடு. அந்தத் தூரம் நெருங்குகிறது, பம்பரின் அடிமூடியைக் கழற்ற வேண்டியிருக்கும். அடுத்த பதிவில் அதையும், இரண்டு குதிரைகளோடு எடைமேடை காட்டிய எண்ணையும் எழுதுகிறேன்.