மணி நாக்கில் கொஞ்சம் பஞ்சு

மதுரையில் ஆறு பேராகச் சேர்ந்து ஒரு சின்ன நாடகக் குழு நடத்துகிறோம். போன வருடம் ஒரு குழந்தைகள் படப் புத்தகத்தை எடுத்து, 40 நிமிட இசை நாடகமாக ஆக்கினோம். நாலு வயதிலிருந்து எட்டு வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு. இரண்டு மாதத்தில் முடித்துவிடலாம் என்று நினைத்தோம், எட்டு மாதம் ஆனது.

புத்தகம் 24 பக்கம். அதிலுள்ள எழுத்தை எல்லாம் சேர்த்தால் அரைத் தாள் தேறாது. ஓர் ஆட்டுக்குட்டியின் கழுத்து மணி தொலைந்துவிடுகிறது. கிணற்றடி, வைக்கோல் போர், டீக்கடை என்று அது தேடி அலைகிறது. எழுத்தில் உள்ள கதை அவ்வளவுதான். படத்தைப் பார்த்தால்தான் விஷயம் புரியும். ஒவ்வொரு பக்கத்திலும் ஏதாவது ஒரு மூலையில் ஒரு காக்கா அந்த மணியை அலகில் கவ்விக்கொண்டு உட்கார்ந்திருக்கும். எழுத்தில் ஓரிடத்தில்கூடக் காக்கா என்ற சொல்லே கிடையாது. படிப்பவருக்குத் தெரியாதது கேட்டுக்கொண்டிருக்கும் குழந்தைக்குத் தெரியும். நான் அந்தப் புத்தகத்தில் விழுந்ததே அதற்காகத்தான். அப்புறம் அதையே முதலில் கெடுத்தேன் என்பது வேறு கதை.

முதலில் அனுமதி. "குழந்தைகள் நாடகம்தானே, யார் கேட்கப் போகிறார்கள்" என்று குழுவிலேயே இரண்டு பேர் சொன்னார்கள். அப்படி இல்லை. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி ஒரு கதையை நாடகமாக்கும் உரிமை, அந்த உரிமையை வைத்திருப்பவரிடம்தான் இருக்கிறது. எழுதியவர் இறந்து 60 வருடம் வரைக்கும் அது போகாது. ஒரு பள்ளியில் ஆசிரியர்களும் மாணவர்களும் பள்ளி நடவடிக்கையாகப் பெற்றோர் முன்னால் நடித்தால் விலக்கு உண்டு. எங்களைப் போலக் காசு வாங்கிக்கொண்டு ஊர் ஊராகப் போகிறவர்களுக்குக் கிடையாது. எழுத்து ஒருவருடையது, படம் இன்னொருவருடையது என்பதையும் யோசிக்க வேண்டும். எங்கள் காக்கா முழுக்க ஓவியர் வரைந்த காக்கா. இருவரிடமும் எழுத்தில் சம்மதம் வாங்க மூன்று மாதம் ஓடிவிட்டது. அவசரக்காரர்களுக்கு ஒரு வழி சொல்கிறேன். குழந்தைகள் புத்தகம் போடும் பிரதம் புக்ஸ் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகள் நிறைய இருக்கின்றன. பெரும்பாலானவை திறந்த உரிமத்தில், அதாவது தனியாக அனுமதி கேட்காமலே எடுத்து மாற்றிக்கொள்ள விடும் உரிமத்தில் வந்தவை. எழுதியவர், வரைந்தவர் பெயர்களை முறைப்படி போட்டு, உரிமத்தையும் குறிப்பிட்டு, நாம் என்ன மாற்றினோம் என்று சொல்லிவிட்டால் போதும். எங்கள் அடுத்த நாடகம் அங்கிருந்துதான்.

அனுமதி வந்த சந்தோஷத்தில் ஒரே வாரத்தில் ஏழு பாட்டு எழுதினேன். அதில் எனக்கு ரொம்பப் பிடித்தது காக்காவின் பாட்டு. மணியை ஏன் எடுத்தேன், எனக்கு ஏன் பளபளப்பு பிடிக்கும் என்று மூன்று சரணம். எதுகை மோனை எல்லாம் சுத்தம். தெருப் பிள்ளைகள் பத்துப் பேரை மாடியில் உட்கார வைத்துப் பாடிக் காட்டினோம். மரியாதையாகக் கேட்டார்கள். குழந்தைகள் மரியாதையாகக் கேட்டால் நாடகம் செத்துவிட்டது என்று அர்த்தம். ஒரு பெண் குழந்தை மட்டும் மடியில் புத்தகத்தை விரித்து வைத்துப் பக்கம் பக்கமாகத் தேடிக்கொண்டிருந்தது. கடைசியில், "இதுல காக்கா பேசவே இல்லையே அங்கிள்" என்றது.

அந்த ராத்திரியே பாட்டை எடுத்துவிட்டேன். காக்காவுக்கு வசனமும் போச்சு, பாட்டும் போச்சு. ஆட்டுக்குட்டி முன்னால் தேடும்போது, பின்னால் காக்கா மணியோடு நடந்து போகும். அவ்வளவுதான். காக்காவாக நடிக்கும் நண்பர் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. ஆனால் அடுத்த ஒத்திகையில் அதே பிள்ளைகள் எழுந்து நின்று "பின்னாடி! பின்னாடி பாரு!" என்று கத்திய கத்தில் கீழ்வீட்டு அக்கா என்னமோ ஏதோ என்று மேலே ஏறி வந்துவிட்டார்.

ஏழில் மிஞ்சியது மூன்று. முக்கியமானது வழிநடைப் பாட்டு. புத்தகத்தில் பக்கத்தைப் புரட்டும் நேரத்தில் குழந்தை மூச்சைப் பிடித்துக்கொண்டு அடுத்தது என்ன என்று காத்திருக்கும். மேடையில் பக்கம் ஏது? கிணற்றடியிலிருந்து வைக்கோல் போருக்குப் போகும் அந்த இடைவெளியில் இந்தப் பாட்டை வைத்தோம். "எங்க போச்சு, எங்க போச்சு, என் மணி எங்க போச்சு" என்று நாலே வரி. ஒவ்வொரு தடவையும் கடைசி வரியில் இடத்தின் பெயர் மட்டும் மாறும். மூன்றாவது தடவை வரும்போது யாரும் சொல்லிக் கொடுக்காமலே கூட்டம் பாடிவிடும்.

பாடுவதற்குத் தோதாகச் சுருதி வைக்க வேண்டுமே. முதலில் எங்கள் பாடகிக்கு வசதியாக ஐந்து கட்டை என்ற உயரமான சுருதியில் வைத்து, மெட்டை மேல் ஸ்தாயி வரை ஏற்றியிருந்தேன். அவர் அழகாகப் பாடினார். பிள்ளைகள் பாதியில் கீச்சிட்டு நின்றுவிட்டார்கள். இரண்டு கட்டைக்கு மாற்றி, மெட்டு முழுவதையும் ஷட்ஜத்திலிருந்து பஞ்சமத்துக்குள், அதாவது ச முதல் ப வரையுள்ள ஐந்து சுரத்துக்குள் அடக்கினேன். இசை தெரிந்தவர்களுக்கு அது சப்பையாகத் தெரியலாம். ஐந்து வயதுக் குரல் சிரமமில்லாமல் போய்வரும் தூரம் அவ்வளவுதான்.

முதல் காட்சி ஒரு பள்ளியில். காசை மிச்சம் பிடிக்க இசையைப் பதிவு செய்து பென் டிரைவில் கொண்டுபோயிருந்தோம். காக்கா வந்ததும் முந்நூறு பிள்ளைகள் கத்தினார்கள். ட்ராக்குக்கு அது தெரியுமா? அது பாட்டுக்கு ஓடியது. ஆட்டுக்குட்டி பாட வாயைத் திறந்தபோது பல்லவி முடிந்து சரணத்தில் நின்றது. அன்று முழுக்க நாங்கள் பாட்டைத் துரத்திக்கொண்டே இருந்தோம்.

அதன் பிறகுதான் ஸ்பெஷல் நாடகங்களுக்கு, அதாவது நடிகர்களைத் தனித்தனியாக வரவழைத்து ராத்திரி முழுக்க நடத்தும் இசை நாடகங்களுக்கு, நாற்பது வருடம் ஆர்மோனியம் வாசித்த ஓர் ஐயாவைப் போய்ப் பார்த்தோம். மதுரையில் இருந்துகொண்டு இதை முதலிலேயே செய்யாதது என் முட்டாள்தனம். நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் 1918இல் பாலசபை என்ற சிறுவர் நாடகக் கம்பெனியை நடத்திய ஊர் இது. அந்தக் கம்பெனியில் சிறுவர்கள் நடிக்கப் பெரியவர்கள் பார்த்தார்கள், நாங்கள் தலைகீழாகச் செய்கிறோம். அந்த மரபில் ஆர்மோனியம், மிருதங்கம், தாளம், பல தாளக் கருவிகளை ஒரே ஆள் வாசிக்கும் ஆல்ரவுண்டு எல்லாம் மேடை ஓரத்திலேயே உட்கார்ந்திருக்கும். நடிகர் தடுமாறினால் ஆர்மோனியக்காரரே பாட்டை எடுத்துக்கொடுத்துவிடுவார். ஐயாவிடம் எங்கள் சங்கடத்தைச் சொன்னேன். "புள்ளைக கத்துனா கத்தட்டும் தம்பி. பாட்டு எங்க போயிறப் போகுது?" என்றார். சொன்னபடியே செய்தார். கூச்சல் கிளம்பினால் ஒரே துணுக்கைச் சுற்றிச் சுற்றி வாசித்துக்கொண்டு பிள்ளைகளைப் பார்ப்பார். அடங்கும் நேரம் அவருக்கு எப்படியோ தெரியும், தலையை ஆட்டுவார், பாட்டு ஆரம்பிக்கும்.

இதற்கெல்லாம் நடுவில் மணி எங்களைப் படுத்திய பாடு தனி. படத்தில் இருக்கும் மணி சத்தம் போடாது. மேடையில் காக்கா இரண்டு எட்டு வைத்தாலே கிணிகிணி. ஆட்டுக்குட்டிக்குக் காது கேட்காதா என்ன? அட்டையில் மணி செய்து பார்த்தோம், முன் வரிசைப் பிள்ளைகள் "டூப்பு" என்று உடனே சொல்லிவிட்டார்கள். கடைசியில் நிஜ மணியின் நாக்கில் பஞ்சைச் சுற்றினோம். நாடகம் முழுக்க அது ஊமை. முடிவில் காக்கா மணியைக் கீழே வைத்துவிட்டுப் பறக்கும்போது பஞ்சை உருவிக்கொண்டு போய்விடும். ஆட்டுக்குட்டி கழுத்தில் மாட்டித் தலையை அசைக்கும்போதுதான் முதன்முறையாக ஓசை கேட்கும். அங்கிருந்து கடைசிப் பாட்டு எடுக்க வேண்டும்.

எடுத்தால் அபசுரம். நாங்கள் சந்தையில் வாங்கிய மணி ஆர்மோனியத்தில் விரல் வைக்கும் அடுத்தடுத்த இரண்டு கட்டைகளுக்கு நடுவில் எங்கேயோ ஒலித்தது. மணியின் ஓசையில் ஒரு சுரம் மட்டும் இருக்காது, பல கலந்திருக்கும். இருந்தாலும் காதுக்கு ஒன்று முந்திக்கொண்டு கேட்கும். அது பாட்டோடு சேர வேண்டும். போனில் சுருதிப் பெட்டியைப் போட்டுக்கொண்டு ஒரு பாத்திரக்கடைக்குப் போய் வரிசையாக மணிகளை ஆட்டிப் பார்த்தேன். கடைக்காரர் அரை மணி நேரம் பொறுத்தார். அப்புறம், "அண்ணே, எந்தக் கோயிலுக்கு?" என்றார். ஆட்டுக்குட்டிக்கு என்றேன். அதற்கு மேல் அவர் எதுவும் கேட்கவில்லை. பதினேழாவது மணி பஞ்சமத்தில் உட்கார்ந்தது.

நேரத்தைப் பற்றி ஒன்று. முதலில் 55 நிமிடம் வைத்திருந்தோம். 40 தாண்டினால் ஒரு பிள்ளை ஒன்னுக்குப் போகணும் என்று எழும், பின்னாலேயே அந்த வரிசை முழுக்க எழும். குறைத்துவிட்டோம்.

இதுவரை 11 காட்சி ஆகியிருக்கிறது. ஏழாவது காட்சியில் அவசரத்தில் பஞ்சைச் சரியாகச் சுற்றவில்லை. காக்கா முதல் நடை நடக்கும்போதே பஞ்சு நழுவி விழ, மணி கணீரென்று ஒலித்தது. அதுவும் சுத்தமான பஞ்சமத்தில். ஆட்டுக்குட்டி என்ன செய்யும், கேட்காததுபோல வைக்கோல் போருக்குள் தலையை விட்டுக்கொண்டது. முன் வரிசையில் ஒரு பையன் இடுப்பில் கை வைத்து எழுந்து நின்று, "ஏய் ஆட்டுக்குட்டி, உனக்கு என்ன காது செவிடா?" என்றான். ஆல்ரவுண்டு அண்ணன் டமடமவென்று உருட்ட, ஐயா ஆர்மோனியத் துருத்தியை அமுக்கு அமுக்கென்று அமுக்கி மணிச் சத்தத்தை மூழ்கடித்தார். காக்கா குனிந்து பஞ்சைப் பொறுக்கிக்கொண்டு ஓடியது.

இப்போதெல்லாம் பஞ்சுக்கு மேல் ஒரு ரப்பர் பேண்டும் போடுகிறோம்.