கொப்பராசி பதிஞ்ச கதை

பதினோரு வருஷமா ஒரே பில்டிங்ல கிளீனிங் வேல பாக்குறேன், கண்டிராக்டர் மட்டும் நாலு பேர் மாறிட்டாங்க, ஒவ்வொரு தடவையும் நான் புது ஆள், அதே மொப்பு அதே வாளி, சர்வீஸ் மட்டும் பூஜ்யம். பினாங்கு ஜெலுத்தோங் ப்ளாட்டு கீழ டீ குடிக்கும்போது ஒரு அக்கா கேட்டாங்க, நாமளே கண்டிராக்ட் எடுத்தா என்னடின்னு.

கம்பெனியா, அதான் சென்டிரியான் பெர்ஹாட்டா போட்டா பங்கு ஜாஸ்தி வச்சிருக்கவங்க சொல்றதுதான் சட்டம், கொப்பராசின்னா, அதான் கூட்டுறவுச் சங்கம், எவ்ளோ பங்கு வாங்குனாலும் ஆளுக்கு ஒரு ஓட்டு. அதப் பதிய முன்னாடி 50 பேர் வேணும், இப்ப 20 போதும்னு மாத்திட்டாங்க. 20 தானேன்னு எண்ணிப் பாத்தா எங்க டீம்ல பாதிக்கு மேல நேப்பாளம், வங்காளதேசம். 1993 கூட்டுறவுச் சட்டப்படி மெம்பர் மலேசிய குடிமகனா இருக்கணும், 18 வயசு ஆகியிருக்கணும். எனக்கு மேல ஒழைக்கிற நேப்பாளத் தம்பி மெம்பராவும் ஆக முடியாது, எங்ககூட வேலைக்கும் வர முடியாது, பெர்மிட்டு கண்டிராக்டர் பேர்ல இருக்கே. அவன்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு ரெண்டு நாளு ஓட்டிட்டேன்.

சரி, எண்ணிக்கைக்கு வீட்டுக்காரர், தங்கச்சி, பக்கத்து வீட்டு அங்கிள்னு சேத்தோம். இதுலதான் சிக்கல். வேல செய்றவங்க மட்டும்தான் மெம்பர்னு எங்கயும் இல்ல, பதிவு பாரத்துல பேங்க், கடன், விவசாயம், வீடு, போக்குவரத்துன்னு வகை இருக்கு, தொழிலாளி சொந்தமா நடத்துறதுன்னு ஒரு பெட்டி இல்ல, சேவைன்னு டிக் போட்டோம். மொப்பத் தொடாத அங்கிளுக்கும் ஒரு ஓட்டு, எனக்கும் ஒரு ஓட்டு.

மீட்டிங் மினிட்ஸ்ல ரெண்டு பேர் ஐசி, அதான் அடையாள அட்டை நம்பர் மாத்தி எழுதி, பாரம் திரும்பி வந்து... எங்க தப்புதான் லா.

லாபத்துல கொறஞ்சது 15% சங்கத்தோட காப்பு நிதிக்குப் போகணும்னதும் அங்கிள் மொகம் சுருங்கிடுச்சு, மிச்சத்த டிவிடென்டா, பங்குக்கு லாபமா பிரிச்சுக் குடுங்கன்னாரு, நாங்க சம்பளத்த ஏத்தலாம்னோம், சண்டை. எங்க தாத்தா எஸ்டேட்ல ரப்பர் பால் வெட்டுன காலத்துல, தோட்டத்தத் துண்டு துண்டா வித்துட்டு இருந்தப்ப, தொழிலாளிங்களே சேந்து தோட்டத்த வாங்கணும்னு 1960ல வீ. தி. சம்பந்தன் தேசிய நில நிதி கூட்டுறவுச் சங்கம் ஆரம்பிச்சாரு, அதுல மாசாமாசம் காசு கட்டுனாரு தாத்தா. அதச் சொன்னேன், அங்கிள் அப்ப அவருக்கு டிவிடென்ட் வந்துச்சான்னாரு!

ரிஜிஸ்டர் ஆயிடுச்சு. மொத கொட்டேஷன் கைவிட்டுப் போச்சு, சட்டப்படி கொறஞ்சபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட், ஈபிஎஃப் (ஓய்வுக்கால சேமிப்பு), சொக்சோ (தொழிலாளர் காப்புறுதி) எல்லாம் போட்டா எங்க வெலைக்குக் கீழதான் மத்தவங்க போடுறாங்க, எப்படிப் போடுறாங்கன்னு எங்களுக்குத் தெரியாதா என்ன. இப்ப ஒரு அபார்ட்மெண்ட் படிக்கட்டு மட்டும் மூணு மாசத்துக்குக் கெடச்சிருக்கு, நாலு பேர் போறோம். அங்கிள் மேற்பார்வைக்கு வர்றேன்னாரு, வாளி வாங்கிக் குடுத்திருக்கோம்.