மஸ்டாங் 289 எஞ்சினுக்கு ஹெடர் பொருத்தும்போது விட வேண்டிய இடைவெளி

1966ஆம் ஆண்டு ஃபோர்டு மஸ்டாங்கில் 289 கன அங்குல வி8 எஞ்சினுக்கு எக்ஸாஸ்ட் ஹெடர் (ஒவ்வொரு சிலிண்டரின் புகையையும் தனித்தனிக் குழாயில் வெளியேற்றும் குழாய்த் தொகுதி) பொருத்த நினைப்பவர்கள், குதிரைத்திறன் எவ்வளவு கூடும் என்றுதான் என்னிடம் முதலில் கேட்கிறார்கள். நான் முதலில் கேட்க விரும்புவது வேறு. எஞ்சின் முழு விசையில் முறுக்கிக்கொண்டு, குழாய்கள் தகதகவெனச் சூடேறி, ஸ்டியரிங் ஒரு பக்கம் முழுதாகத் திரும்பியிருக்கும் நேரத்தில், குழாய்க்கும் அதைச் சுற்றியுள்ள பாகங்களுக்கும் நடுவே எவ்வளவு இடம் மிஞ்சும்? வண்டி அசையாமல், ஆறிப்போய் நிற்கும்போது அளந்த இடைவெளி இந்தக் கேள்விக்குப் பதிலாகாது.

இந்த வண்டியில் இடம் குறைவாக இருப்பதற்குக் காரணம் அதன் பிறப்பிலேயே இருக்கிறது. 1964 ஏப்ரல் 17 அன்று அறிமுகமான மஸ்டாங், 1960ஆம் ஆண்டு மாடலாக வெளிவந்த ஃபால்கனின் அடித்தளத்தின் மேல் உருவானது. ஃபால்கனோ ஒரே வரிசையில் ஆறு சிலிண்டர் கொண்ட சிறிய எஞ்சினுக்காக வரையப்பட்ட கார். முன் சக்கரச் சுருள்வில்கள் மேல் கட்டுப்பாட்டுக் கைக்கு மேலே அமர்ந்திருப்பதால், அவற்றைத் தாங்கும் ஷாக் டவர்கள் இரண்டும் எஞ்சின் அறைக்குள் துருத்திக்கொண்டு நிற்கின்றன. அந்த இரண்டுக்கும் இடையே அகலமான வி8 உட்கார்ந்துவிட்டால், பக்கவாட்டில் ஹெடருக்குக் கிடைப்பது ஒரு சந்துதான். தொழிற்சாலையில் வந்த, புகையைத் திரட்டி வெளியேற்றும் வார்ப்பிரும்பு மேனிஃபோல்டு எஞ்சினோடு ஒட்டியே இறங்குவதால் அதற்கு இந்தச் சிக்கல் இல்லை. ஆனால் 1965இல் பந்தயக் கார் உருவாக்குநர் கரோல் ஷெல்பி, மஸ்டாங்கிலிருந்து தாம் உருவாக்கிய ஜிடி350க்கு ட்ரை-ஒய் வகை ஹெடரைப் பொருத்தினார். பெரிய கார்புரேட்டர், உயரமான அலுமினிய இன்டேக் மேனிஃபோல்டு ஆகியவற்றோடு சேர்ந்து 271 குதிரைத்திறன் 306 ஆனது. நான்கு குழாய்களும் முதலில் இரண்டிரண்டாகவும் பிறகு ஒன்றாகவும் சேரும் இந்த அமைப்பு, நான்கும் ஒரே இடத்தில் சேரும் நீளக் குழாய் ஹெடரைவிடச் சற்றுக் குறைந்த இடத்தில் அடங்கும் என்பதாலும், நடுத்தர வேகத்தில் நல்ல இழுவை தரும் என்பதாலும், சாலையில் ஓட்டும் வண்டிக்கு நான் இதையே விரும்புகிறேன்.

இடப்பக்கம், அதாவது அமெரிக்க வண்டியில் ஓட்டுநர் அமரும் பக்கம், மிகவும் நெருக்கடியானது. ஸ்டியரிங் பாக்ஸ் அங்கேதான் இருக்கிறது. 1965, 1966 வண்டிகளில் ஸ்டியரிங் தண்டு பாக்ஸோடு ஒரே நீளமாக வருவதால், பின்னாளில் பாக்ஸைக் கழற்ற வேண்டிய நிலை வந்தால் ஹெடரையும் தளர்த்தாமல் முடிவதில்லை. கியரைக் கையால் மாற்றும் வண்டியாக இருந்தால், கிளட்ச் பெடலின் அசைவைக் கடத்தும் ஸீ-பார் எஞ்சினுக்கும் சட்டத்துக்கும் குறுக்கே ஓடுகிறது. குழாய்கள் அதைச் சுற்றிக்கொண்டுதான் போக வேண்டும். ஆயில் ஃபில்டரும் பெட்ரோல் பம்பும் இதே பக்கத்தில் முன்னால் உள்ளன. ஹெடரை மாட்டிய பிறகும் ஃபில்டரைக் கையால் திருகி எடுக்க முடிகிறதா, ஒவ்வொரு ஸ்பார்க் பிளக்கிலும் சாக்கெட் நேராக உட்காருகிறதா என்று போல்ட்டுகளை இறுக்கும் முன்பே பார்த்துவிட வேண்டும். பவர் ஸ்டியரிங் இருந்தால் அதன் ஹைட்ராலிக் சிலிண்டரும் வால்வும் கீழே தனியாகத் தொங்குவதால், பல ஹெடர்களுக்கு அதைத் தாழ்த்தும் பிராக்கெட்டும் தேவைப்படுகிறது.

அடுத்தது எஞ்சினின் அசைவு. முன்னாலிருந்து பார்த்தால் இந்த எஞ்சினின் கிராங்க் (பிஸ்டன்களால் சுழலும் முதன்மைத் தண்டு) கடிகார முள்ளின் திசையில் சுழல்கிறது. அதன் எதிர்வினையாக, முன்னோக்கிப் புறப்படும்போது எஞ்சினின் இடப்பக்கம் மேலே எழும்பும், வலப்பக்கம் கீழே அழுந்தும். ரிவர்ஸ் கியரில் இது தலைகீழாகும். இரட்டைத் தொண்டை கார்புரேட்டர் கொண்ட 289இன் உச்ச முறுக்குவிசை 282 பவுண்டு-அடி, அதாவது சுமார் 382 நியூட்டன் மீட்டர். நான்கு வேக கியர்பாக்ஸின் முதல் கியர் விகிதம் 2.78 என்பதால், புறப்படும் கணத்தில் எஞ்சினைச் சட்டத்தோடு பிணைக்கும் ரப்பர் மவுண்டுகள் தாங்க வேண்டியது சுமார் 1,060 நியூட்டன் மீட்டர். இந்த விசையைப் பழைய ரப்பர் தாங்காது போனால் என்ன நடக்கும் என்பதற்குச் சான்றாக, ஜெனரல் மோட்டார்ஸ் 1971 டிசம்பரில் எஞ்சின் மவுண்ட் பிரச்சினைக்காக 67 லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைத்ததைச் சொல்லலாம். ஆகவே ஹெடரை வாங்கும் முன் புதிய மவுண்டுகளைப் போடுங்கள். தொய்ந்த மவுண்டின் மேல் அளந்த அளவு எதற்கும் உதவாது.

இந்த முறுக்கம் எல்லா இடைவெளிகளையும் ஒரே மாதிரி பாதிப்பதில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். வலப்பக்கம் கீழே இருக்கும் ஸ்டார்ட்டர் மோட்டார் எஞ்சினோடு சேர்ந்தே அசைவதால், அதற்கும் குழாய்க்கும் உள்ள தூரம் முறுக்கத்தால் மாறாது; அங்கே கவலை வெப்பத்தைப் பற்றியது மட்டுமே. ஸ்டியரிங் பாக்ஸ் சட்டத்தோடு போல்ட் செய்யப்பட்டிருப்பதால் எஞ்சின் அசையும் ஒவ்வொரு முறையும் அந்த இடைவெளி சுருங்கி விரியும். ஸீ-பாரின் ஒரு முனை எஞ்சின் பக்கமும் மறுமுனை சட்டத்திலும் இருப்பதால் அது இரண்டுக்கும் நடுவில் நடந்துகொள்ளும்.

இதோடு உலோகத்தின் விரிவும் சேர்கிறது. 90 செ.மீ. நீளமுள்ள சாதாரண எஃகுக் குழாயின் வெப்பநிலை 500 டிகிரி உயர்ந்தால் அது சுமார் 5.4 மி.மீ. நீளும், துருப்பிடிக்காத எஃகாக இருந்தால் ஏறக்குறைய 7.8 மி.மீ. நீளும். மேல் விளிம்பு எஞ்சின் ஹெட்டோடு இறுகியிருப்பதால் இந்த நீட்சி கீழும் பின்னும்தான் போக முடியும். சைலன்சர் வரை செல்லும் குழாயைத் தாங்கும் கொக்கிகள் இறுக்கமாக இருந்தால், அந்த விசை திரும்பி வந்து விளிம்பின் வெல்டிங்கில் விரிசலை உண்டாக்கும்.

நான் பின்பற்றும் அளவுகள் இவை: ஸ்டியரிங், ஸீ-பார் போன்ற அசையும் பாகங்களுக்கு எல்லா நிலைகளிலும் 12 மி.மீ.; சட்டம் போன்ற அசையா உலோகத்துக்கு 10 மி.மீ.; ரப்பர் குழாய்களுக்கும் பிரேக் லைனுக்கும் குறைந்தது 75 மி.மீ., அது கிடைக்காத இடத்தில் கட்டாயம் ஒரு வெப்பத் தடுப்புத் தகடு. சரிபார்க்க 12 மி.மீ. விட்டமுள்ள உருண்டையான மரக்குச்சி ஒன்றே போதும். ஹெடருக்கும் எஞ்சினுக்கும் நடுவே வைக்கும் கேஸ்கட்டின் தடிமனும் ஹெடரை வெளியே தள்ளும் என்பதால் கேஸ்கட்டோடுதான் மாட்டிப் பார்க்க வேண்டும்; எல்லா போல்ட்டுகளையும் கையால் பிடிக்கவிட்டு, நடுவிலிருந்து வெளிப்புறமாக இறுக்க வேண்டும். பிறகு வண்டியை ஸ்டாண்டுகளின் மேல் நிறுத்தி, சக்கரங்கள் தொங்கும் நிலையில் ஒருமுறையும், தரையில் எடை இறங்கிய நிலையில் மறுமுறையும், ஸ்டியரிங்கை இரு கோடி வரை திருப்பியபடி குச்சியை நுழைத்துப் பார்ப்பேன். இன்னொருவர் கிளட்ச்சை மிதித்து விட, ஸீ-பாரின் கை போய்வரும் வழி முழுவதையும் கண்ணால் தொடர வேண்டும். குச்சி எட்டாத மூலைகளில் குழந்தைகள் விளையாடும் களிமண்ணை உருட்டி வைத்து, நீண்ட கடப்பாரையால் எஞ்சினை இரு பக்கமும் நெம்பிவிட்டு, நசுங்கிய களிமண்ணின் தடிமனை அளந்தால் உண்மையான இடைவெளி தெரிந்துவிடும்.

எங்காவது குறைந்தால் வெட்ட வேண்டியது வண்டியை அல்ல. சட்டத்தைத் தேய்ப்பதும், ஸீ-பாரை வளைப்பதும், ஸ்டியரிங் பாக்ஸின் மூலையைச் சாணை பிடிப்பதும் கூடாது. ஹெடரைக் கழற்றி, குறிப்பிட்ட இடத்தை எரிவாயு டார்ச்சால் சிவக்கச் சூடாக்கி, உருண்டை முனையுள்ள கருவியால் மெதுவாக அழுத்திப் பள்ளமாக்கலாம். வெல்டிங் இணைப்பை ஒட்டி மட்டும் இதைச் செய்யக் கூடாது. பள்ளம் ஆழமில்லாமல் நீளவாக்கில் இருந்தால் சாலை வண்டியில் அதன் இழப்பு தெரியவே தெரியாது. அவ்வளவுக்கும் மேல் தேவைப்பட்டால் அது இந்த வண்டிக்கான ஹெடரே அல்ல.

வெப்பத்தைப் பொறுத்தவரை நான் அதிகம் அஞ்சுவது பிரேக்கைப் பற்றித்தான். 1966 மஸ்டாங்கில் பெடலின் அழுத்தத்தைத் திரவத்துக்கு மாற்றும் மாஸ்டர் சிலிண்டர் ஒற்றைச் சுற்று; நான்கு சக்கரங்களுக்கும் ஒரே திரவ வழி. இரட்டைச் சுற்று 1967இல்தான் வந்தது. டாட் 3 வகை பிரேக் திரவம் புதிதாக இருக்கும்போது கொதிநிலை குறைந்தது 205 டிகிரி செல்சியஸ். ஈரம் சேர்ந்துவிட்டால் 140 டிகிரிக்கே இறங்கலாம். ஒரே இடத்தில் திரவம் கொதித்தாலும் நான்கு சக்கரங்களிலும் பிரேக் போய்விடும். கதிர்வீச்சு வெப்பம் தனி வெப்பநிலையின் நான்காம் அடுக்கில் ஏறுவதால், இடையில் பளபளப்பான அலுமினியத் தகடு ஒன்றை, இரு பக்கமும் காற்று ஓட இடம் விட்டு நிறுத்துவது நல்ல பலன் தரும். ஸ்டார்ட்டருக்கும் அதுவே வழி: செப்புக் கம்பியின் மின்தடை 100 டிகிரி உயர்வுக்கு ஏறக்குறைய 40 விழுக்காடு கூடுவதால்தான் சூடான எஞ்சினை நிறுத்தி உடனே கிளப்பும்போது அது திணறுகிறது. குழாயைச் சுற்றும் வெப்பத் துணியை நான் பரிந்துரைப்பதில்லை. மிச்சிகன் போன்ற இடங்களில் குளிர்காலம் முழுவதும் வண்டி நிறுத்தி வைக்கப்படுவதால், துணிக்குள் தங்கும் ஈரம் சாதாரண எஃகை அரித்துவிடுகிறது. உள்ளும் புறமும் செராமிக் பூச்சு செலவு கூடினாலும் நிலைக்கும்.

முதல் சிறு ஓட்டத்துக்குப் பிறகு, எஞ்சின் முற்றிலும் ஆறியதும், விளிம்பு போல்ட்டுகளை மறுபடி இறுக்க வேண்டும். அப்போதே டார்ச் விளக்கோடு கீழே படுத்து, குழாய்களில் பூச்சு உரசி நகக்கண் அளவுக்குப் பளிச்சென்று வெளுத்த புள்ளி ஏதேனும் இருக்கிறதா என்று தேடுங்கள். அப்படி ஒன்று தென்பட்டால், எந்தக் குச்சி நுழைந்திருந்தாலும் சரி, அங்கே இடைவெளி போதவில்லை; ஹெடரை மறுபடி இறக்கித்தான் ஆக வேண்டும்.