கோசமும் மர்மமும்

கேரள எல்லையில், பாலக்காட்டுக் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் தமிழ் மீடியத்தில் படித்த நமக்குச் செல் என்றால் செல்தான். சுவருக்கு அந்தப் பக்கம் மலையாளம் டிவிஷனில் அதுவே கோசம். நாம் உட்கரு என்பது அவர்களுக்கு மர்மம். களரி ஆசான் சொல்லும் மர்மமும் இதே சொல்தான். அடிபட்டால் உயிர் போகிற இடம், நம் வாயில் வர்மம். கோயில் பிரசங்கத்திலோ கோசம் என்றால் அன்னமயம் தொடங்கி ஆனந்தமயம் வரை ஆன்மாவைப் போர்த்திய ஐந்து உறை. மனிதன் யார் என்ற கேள்வி எல்லை ஊரில் பாடச் சொல்லோடு சேர்ந்தே வந்துவிடும்.

அந்தக் கோசத்தைக் கண்ணால் பார்த்த ப்ராக்டிகல் பலருக்கு மறந்திருக்காது. வாய் கொப்பளித்து, பல்குச்சியின் தட்டை முனையால் கன்னத்தின் உட்புறத்தை லேசாக வழித்து, ஸ்லைடில் மெல்லிசாகத் தடவ வேண்டும். கெட்டியாகத் தடவினால் செல்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொள்ளும். 100 மில்லிக்கு 0.9 கிராம் உப்புக் கரைத்த நீர் ஒரு சொட்டு, மெத்திலீன் நீலம் ஒரு சொட்டு. வெறும் தண்ணீர் விட்டால் செல் நீரை இழுத்து ஊதிப்போகும். கவர் ஸ்லிப்பை ஒரு விளிம்பில் சாய்த்து ஊசியால் மெதுவாக இறக்க வேண்டும்; தொப்பென்று போட்டால் காற்றுக் குமிழி. கறுத்த விளிம்போடு அழகாக வட்டமாய்த் தெரியும் அந்தக் குமிழியைத்தான் பாதிப் பேர் செல் என்று ரெக்கார்டில் வரைவது. மைக்ராஸ்கோப்பில் முதலில் 10 மடங்கு லென்ஸ், பிறகு 40. நாற்பதில் பெரிய திருகைத் தொட்டால் ஸ்லைடு நொறுங்கும். பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆடிக் காற்று அடிக்கும்போது ஜன்னலைச் சாத்தாவிட்டால், வரைந்து முடிப்பதற்குள் விளிம்பு காய்ந்துவிடும்.

வெளிர்நீலத்துக்குள் அடர்நீலப் பொட்டாகத் தெரிவதுதான் மர்மம். சாயம் நேர்மின், டி.என்.ஏ. எதிர்மின், அதனால் அங்கே போய் ஒட்டுகிறது. அதற்குள் 46 குரோமோசோம், நீட்டினால் சுமார் 2 மீட்டர். ட்ரேயில் ஸ்லைடுகள் கலந்துவிட்டால் எது எந்தச் சாதி, எது எந்த மதம் என்று எந்த லென்ஸும் காட்டாது. நூறு மடங்கு எண்ணெய் லென்ஸும் பழகிய கண்ணும் இருந்தால், பெண்ணின் சில செல்களில் மட்டும் உட்கருவின் ஓரத்தில் ஒரு கரும்புள்ளி தெரியும்: பார் உறுப்பு (Barr body, செயலடங்கிச் சுருண்ட ஒரு X குரோமோசோம்), 1949-ல் பூனையின் நரம்புச் செல்லில் கண்டது. ஆனந்தமய கோசத்தை இதில் தேடுவது வீண் வேலை. அந்த லென்ஸ் அதற்காகச் செய்ததல்ல.

அடுத்த பீரியட் தமிழ் என்றால் தொல்காப்பியத்தில் மரபியல் என்ற இயல் வரும். புல்லுக்கும் மரத்துக்கும் ஓரறிவு, கறையானுக்கும் எறும்புக்கும் மூன்று: தொடுதல், சுவை, மணம், அதாவது கண் கிடையாது. பெரும்பாலான கறையான் இனங்களில் வேலைக்காரக் கறையானுக்கு உண்மையிலேயே கண் இல்லை. எறும்பு விஷயத்தில்தான் இடிக்கிறது. மனிதனுக்கு ஆறாவது, மனம். பிரசங்கக் கணக்கில் மனோமயம் மூன்றாவது உறைதான், அதற்கு உள்ளே இன்னும் இரண்டு உண்டு. எனக்கு இந்தச் சண்டையை விட, 'மக்கள் தாமே ஆறறி வுயிரே' என்று சொன்ன கையோடு 'பிறவும் உளவே' என்று சூத்திரம் கதவைத் திறந்து வைத்ததுதான் பிடிக்கும். சிம்பன்சிக்கு 48 குரோமோசோம். அதனிடம் தனித்தனியாக இருக்கிற இரண்டு ஜோடி, நம்மிடம் ஒட்டி 2-ஆம் ஜோடியாகிவிட்டது. ஒட்டிய தடம் இன்னும் அங்கேயே இருக்கிறது.