சோகை எரிந்தால் எது போகிறது, எது தங்குகிறது

கேரளத்தின் மறையூரில் கரும்பு வெட்டிய வயலில் சோகையை, அதாவது காய்ந்த கரும்பு இலைகளை, கொளுத்துவது எங்கள் வீட்டிலும் தலைமுறை வழக்கமாக இருந்தது. காற்று அடங்கிய மாலையில் தீ வைத்தால் சிறிது நேரத்தில் வயல் வெறுமையாகிவிடும்; வெட்டிய கட்டையிலிருந்து அடுத்த பயிரான மறுதாம்பு தடையின்றி முளைக்கும், எலி ஒதுங்கும், வாய்க்கால் தண்ணீர் கடைசி வரப்புவரை ஓடும். இந்தக் காரணங்களில் எதுவும் பொய்யல்ல. ஆயினும் மூன்று வருடங்களாக எங்கள் ஒன்றரை ஏக்கரில் நான் தீ வைப்பதில்லை.

முதலில் தண்ணீரைப் பற்றிச் சொல்ல வேண்டும். தென்மேற்குப் பருவமழை மூணாறு பக்கம் கொட்டித் தீர்க்கும்போது எங்களுக்குச் சாரல்தான் மிச்சம். நாங்கள் மழைமறைவுப் பகுதியில் இருக்கிறோம். எங்கள் கரும்பு பாம்பாற்றுப் படுகையின் வாய்க்கால்களை நம்பி நிற்கிறது. கேரளத்தின் 44 ஆறுகளில் 41 மேற்கே பாய, கபினி, பவானி, பாம்பாறு ஆகிய மூன்று மட்டும் கிழக்கே திரும்புகின்றன. அரபிக் கடலிலிருந்து ஆவியாகி எழுந்து, 2695 மீட்டர் உயர ஆனைமுடியைச் சூழ்ந்த மலைகளில் மழையாக இறங்கும் நீரில் ஒரு பங்கு, எங்கள் வரப்புகளைக் கடந்து அமராவதி அணைக்கும், அங்கிருந்து கரூர் அருகே காவிரிக்கும் போய், முடிவில் வங்கக் கடலைச் சேர்கிறது. கரும்பு உறிஞ்சியதில் பெரும்பகுதியோ இலைவழியே ஆவியாக வானத்துக்கே திரும்புகிறது. தண்ணீர் எங்கே போனாலும் வெயில் அதை மறுபடியும் தூக்கிவிடும்.

எல்லாச் சத்துக்களுக்கும் அந்த வசதி இல்லை. தழைச்சத்தாகிய நைட்ரஜன் காற்றில் 78 சதவீதம் இருந்தும் பயிரால் அதை நேரடியாக எடுக்க முடியாது. பயறுவகைச் செடிகளின் வேர்முடிச்சுகளில் வாழும் பாக்டீரியா, மின்னல், யூரியா ஆலை ஆகியவற்றில் ஏதாவது ஒன்று அதை மண்ணுக்குரிய வடிவத்துக்கு மாற்றித் தர வேண்டும். மணிச்சத்தாகிய பாஸ்பரஸுக்கு ஆவியாகித் திரும்பும் வழியே கிடையாது. பாறை மெல்லச் சிதைந்துதான் அது மண்ணுக்கு வருகிறது. ஆற்றோடு கடலுக்குப் போய்ப் படிந்துவிட்டால், அந்தப் படிவு நிலமாக மேலெழுந்து வர மனிதக் கணக்குக்கு எட்டாத காலம் ஆகும்.

அதனால்தான் மலை மடிப்புகளில் அடர்ந்து நிற்கும் சோலைக்காடு எனக்குப் பெரிய பாடமாகத் தெரிகிறது. சோலையிலிருந்து வரும் ஓடையில் கைவைத்து அள்ளினால் நீர் பளிங்குபோல் இருக்கும். உதிர்ந்த இலை மட்கி விடுவிக்கும் சத்தை, அது ஓடையை அடையும் முன்பே வேர்களும் பூஞ்சை இழைகளும் வாங்கிக்கொள்கின்றன. அமெரிக்காவின் ஹப்பார்ட் புரூக் காட்டில் 1965 இறுதியில் ஒரு நீர்ப்பிடிப்புப் பகுதியின் மரங்கள் முழுவதையும் வெட்டிக் கிடத்தி, மீண்டும் துளிர்க்காதபடி செய்து பார்த்தார்கள். ஓடையில் நீர் கூடியது, அதோடு கரைந்து வெளியேறிய நைட்ரேட்டும் பல மடங்கு பெருகியது. சத்து மண்ணில் இருப்பதைவிட அதைப் பிடித்து வைக்க உயிர் இருப்பதே முக்கியம் என்று நான் புரிந்துகொண்டது அந்த ஆய்வைப் படித்தபோதுதான்.

இனி சோகைக்கு வருகிறேன். நம் மொழியில் இந்தச் சத்துக்களுக்கு வழங்கும் பெயர்களே கணக்கைச் சொல்லிவிடுகின்றன. தழை எரிந்தால் தழைச்சத்தின் பெரும்பகுதி புகையோடு போய்விடும். சாம்பல் சத்தாகிய பொட்டாசியம் சாம்பலில் தங்கும், மணிச்சத்தும் பெரும்பாலும் தங்கும், ஆனால் அடுத்த காற்றோ மழையோ வரும்வரைதான். ஒரு டன் சோகையில் ஏறக்குறைய 4 கிலோ நைட்ரஜன் இருக்கிறது. அதை எரித்துவிட்டுக் கடையில் வாங்கினால் 9 கிலோ யூரியாவுக்குச் சமம்.

வெல்லத்தைப் பற்றியும் எண்ணிப் பார்த்தேன். 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற எங்கள் மறையூர் வெல்லம் லாரி லாரியாக ஊரைவிட்டுப் போகிறது. அதில் கொஞ்சம் தாதுச்சத்து உண்டென்றாலும், பெரும்பகுதியான இனிப்பு, கரும்பு காற்றிலிருந்து எடுத்த கரியமில வாயுவையும் வேர் எடுத்த தண்ணீரையும் வெயிலைக்கொண்டு சேர்த்துச் செய்தது. ஆகவே, விற்பனையால் மண்ணுக்கு நேரும் இழப்பைவிட, தீயாலும் வடிகாலாலும் நேரும் இழப்பே எங்களைப் போன்றவர்களுக்குப் பெரிது என்பது என் முடிவு.

முதல் வருடம் அடி வாங்கினேன். சோகையை வரிசைகளுக்கு இடையில் பரப்பி விட்டதும் இரண்டாம் மாதத்தில் மறுதாம்பு வெளிறியது. பக்கத்து வயல் பெரியவர் வரப்பில் நின்று பார்த்துவிட்டு, "தீ வச்சிருந்தா இந்நேரம் கருகருன்னு நின்னிருக்கும் தம்பி" என்று வருத்தத்தோடு சொன்னார். சோகையில் கரிமம் மிக அதிகம், நைட்ரஜன் குறைவு. அதை மட்கச் செய்யும் நுண்ணுயிர்கள் தங்கள் தேவைக்கு மண்ணில் இருந்த நைட்ரஜனையும் இழுத்துக்கொண்டதால் பயிர் பட்டினி கிடந்தது. மறு வருடம் சோகையின் மேல் சாணிக் கரைசலைத் தெளித்து, சிறிது யூரியாவும் தூவி, ஈரம் காயாமல் பார்த்துக்கொண்டேன், வெளிறல் வரவில்லை. இப்போது மேல் சோகையை விலக்கினால் அடியில் கருத்த, நொறுங்கும் படலமும், அதனூடே வெள்ளை நூல்போல் பூஞ்சை இழைகளும், கையில் நெளியும் மண்புழுக்களும் தென்படுகின்றன. பாய்ச்சலுக்கு நான்கைந்து நாள் கூடுதல் இடைவெளி விடவும் முடிகிறது.

சென்ற வாரம் வயலின் மேல்பாதியை வெட்டி வெல்ல ஆலைக்கு ஏற்றினோம். சாறு காய்ச்சும் கொப்பரைக்கு அடியில் எரிந்தது எங்கள் கரும்பின் சக்கையே என்பதால் அந்தச் சாம்பலைக் கேட்டு வாங்கி, தொழுவுரத்தோடு கலந்து போடுவதற்காக வயலோரம் குவித்திருக்கிறேன். நனைந்தால் சாம்பல் சத்துதான் முதலில் கரைந்து வாய்க்காலில் இறங்கும். ஆகையால் நேற்று மாலை மேகம் கூடியதும் தார்ப்பாயை எடுத்துப் போய், குவியலை மூடி, நான்கு மூலையிலும் கல் வைத்துவிட்டு வந்தேன்.